மஞ்சள் வாசல், பச்சை வாசல்

ஈராக்கின் வடக்கே, குர்துகளின் தன்னாட்சிப் பகுதியில் ஓர் ஊர் எந்தக் கட்சியின் பிடியில் இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். கொடியே சொல்லிவிடும். எர்பில், துஹோக் பக்கம் மஞ்சள்: பர்சானி குடும்பத்தின் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி. சுலைமானியா பக்கம் பச்சை: தலபானி குடும்பத்தின் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. மஞ்சள் என்பது மலை, குலம், மரபு; பச்சை என்பது நகரம், படிப்பு, இடதுசாரி. தொடக்கத்தில் இது பொய்யில்லை. முஸ்தபா பர்சானியைத் தலைவராகக் கொண்டு 1946-ல் உருவான மஞ்சள் கட்சியில் இப்ராஹிம் அகமதுவும், பின்னாளில் அவர் மருமகனான ஜலால் தலபானியும் படித்தவர்களின் அணியாக நின்று முட்டிக்கொண்டார்கள், 1964-ல் வெளியேற்றப்பட்டார்கள். 1975-ல் ஈரான் மன்னரும் சதாம் உசேனும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கியதும், ஈரானை நம்பி ஈராக் அரசை எதிர்த்த பர்சானியின் கிளர்ச்சி சரிந்தது. அதே ஆண்டு டமாஸ்கஸில் தலபானி தனிக்கட்சி கண்டார்.

இன்று அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. என் கணக்கில் இவர்களைப் பிரிப்பது கொள்கையல்ல, எல்லை வாசல். மஞ்சளின் வாசல் துருக்கிக்குத் திறக்கிறது, பச்சையின் வாசல் ஈரானுக்கு.

தன்னாட்சிப் பகுதியின் 1992 தேர்தலில் இரு கட்சிகளும் ஏறக்குறைய சமமாக வந்து ஆட்சியைப் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டன. ஆனால் சுங்கப் பணம் பாதியாகவில்லை. ஈராக் மீதான ஐ.நா. தடைக் காலத்தில் டீசல் லாரிகள் வரிசைகட்டி நின்ற, துருக்கி எல்லையிலுள்ள இப்ராஹிம் கலீல் சோதனைச் சாவடி மஞ்சள் பக்கம் இருந்தது. வசூலும் அங்கேயே தங்கியது. இரு கட்சிகளுக்கும் இடையே 1994-ல் வெடித்த சண்டைக்கு இதுவும் முக்கியக் காரணம். ஈரான் பச்சைக்குக் கைகொடுத்தது. 1996 ஆகஸ்டில் முஸ்தபாவின் மகன் மசூத் பர்சானி, பச்சையிடமிருந்து எர்பிலை மீட்க அழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சதாமின் படையை. அதே சதாமின் படை வீசிய நச்சுப்புகையில் ஹலப்ஜாவில் சுமார் 5,000 குர்துகள் செத்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பங்காளிப் பகை எதிரியையும் விருந்தாளியாக்கும். 1998-ல் வாஷிங்டனில் சமரசம் ஆயிற்று.

வாசலுக்கு வாடகை உண்டு. 2022 மார்ச்சிலும் 2024 ஜனவரியிலும் ஈரானின் ஏவுகணைகள் விழுந்தது எர்பிலில். 2023 ஏப்ரலில், தன்னோடு ஆயுதப் போர் நடத்திவந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் நடமாட்டத்தைக் காரணம் காட்டித் துருக்கி தன் வான்வெளியை மூடியது சுலைமானியா விமானங்களுக்கு. ஒருவர் நண்பர் மற்றவர் வீட்டில் கல்லெறிகிறார்.

வாரிசு விஷயத்தில் மஞ்சள் கெட்டிக்காரர்கள். மசூத் பர்சானியின் மகன் மஸ்ரூர் பகுதியின் பிரதமர். அண்ணன் மகனும் மருமகனுமான நெச்சிர்வான் பகுதியின் அதிபர். உரசல் இருந்தாலும் அது வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. பச்சையில் ஜலால் தலபானி 2017-ல் மறைந்தபின் மகன் பாஃபெலும் அவருடைய பங்காளி லஹூரும் 2020-ல் இணைத்தலைவர்கள் ஆனார்கள். மறு ஆண்டே லஹூர் ஓரங்கட்டப்பட்டார். 2025 ஆகஸ்டில் சுலைமானியாவில் துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு கைதானார். குலத்தலைமையை எதிர்த்துப் பிறந்த கட்சிக்கு இந்தக் கதி!

ஆனாலும் பச்சைக்கு ஒரு வரவு எழுதத்தான் வேண்டும். எதிர்க்கட்சி முளைப்பது அந்த மண்ணில்தான். பச்சையின் மூத்த தலைவர் நவ்ஷிர்வான் முஸ்தபா பிரிந்துபோய்த் தொடங்கிய ‘கோரான்’ கட்சி 2009-ல் பகுதி நாடாளுமன்றத்தில் 25 இடம் பிடித்தது. 2013-ல் தாய்க்கட்சியையே முந்தியது. 15 இடங்களோடு இன்று மூன்றாவதாக நிற்கும் ‘புதிய தலைமுறை’ கட்சியும் சுலைமானியாவில் வேர்விட்டதே. மஞ்சளின் பதில் எப்படி இருந்தது? 2015 அக்டோபரில், நாடாளுமன்றத் தலைவராக இருந்த கோரான்காரரைச் சோதனைச் சாவடியிலேயே மறித்து எர்பிலுக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அவைத் தலைவருக்கே அவைக்குப் போக வழியில்லை.

2017 செப்டம்பர் வாக்கெடுப்பில் 92 சதவீதத்துக்கும் மேலானோர் தனிநாட்டுக்கு ‘ஆம்’ என்றார்கள். மூன்றே வாரத்தில், அக்டோபர் 16 அன்று, குர்துகள் வசமிருந்த கிர்குக் நகரம் பாக்தாத் அரசின் படையிடம் கைநழுவியது. பச்சையின் ஒரு பிரிவு பாக்தாதோடு பேசிவைத்துக்கொண்டு படையை விலக்கியது என்று மஞ்சள் குற்றம்சாட்டியது. பிடிவாதமாக வாக்கெடுப்பு நடத்தி ஊரையே பலிகொடுத்தீர்கள் என்று பச்சை திருப்பிக் கேட்டது. இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

2024 அக்டோபர் தேர்தலில் 100 இடங்களில் மஞ்சளுக்கு 39, பச்சைக்கு 23. சேர்ந்தால் பெரும்பான்மை தாராளம். ஓராண்டு கடந்தும் அமைச்சரவை அமையவில்லை. குர்துகளின் ஆயுதப் படையான பெஷ்மெர்காவிலும் 70-ஆம் பிரிவு பச்சைக்கு, 80-ஆம் பிரிவு மஞ்சளுக்கு என்றே பழகிப்போயிருக்கிறது. ஒன்றாக்கச் சொல்லி 2022-ல் அமெரிக்காவோடு உடன்படிக்கையும் போட்டாயிற்று. இப்ராஹிம் கலீலில் லாரிகள் இன்னும் வரிசையில்தான் நிற்கின்றன.