ராணுவ வரலாற்றுச் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது: ஆய்வு நூலகமா, அருங்காட்சியகமா, ஏலமா?

வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ராணுவ வரலாற்றுச் சேகரிப்பு என்றால் அதில் எல்லாம் கலந்துதான் கிடக்கும். ரெஜிமெண்ட் வரலாறுகள், தளபதிகளின் நினைவுக் குறிப்புகள், மடிப்பில் கிழிந்த வரைபடங்கள், ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதக் கட்டு, பதக்கங்கள், சீருடைப் பொத்தான்கள். இவை அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்றுதான் சேர்த்தவர் ஆசைப்படுவார். அப்படி நடந்ததும் உண்டு. ஆன் பிரவுன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1930-இல் பொம்மைச் சிப்பாய்களில் தொடங்கிய சேகரிப்பு, சீருடைகளைப் பற்றிய ஓவியங்களும் நூல்களுமாக வளர்ந்தது. இன்று பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தில் பொம்மைகள் உட்பட அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோருக்கு அது வாய்க்காது. எதை எங்கே கொடுப்பது என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் ஆய்வு நூலகம். அவர்கள் தேடுவது தங்களிடம் இல்லாததை. அச்சு நூல்களின் பட்டியலை நீட்டினால் தங்கள் கேட்டலாக்கோடு ஒப்பிட்டுவிட்டு, பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லக்கூடும். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் அச்சான, ஒரு டிவிஷனின் (பெரிய படைப்பிரிவின்) வரலாற்றுக்கு இரண்டாவது பிரதி எதற்கு? ஆனால் அதே நூலின் ஓரத்தில், அந்தச் சண்டையில் இருந்த அதிகாரி ஒருவர் ‘நேரம் தவறு, நாங்கள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது’ என்று பென்சிலில் எழுதியிருந்தால் அது வேறு கதை. உலகத்தில் அப்படி ஒரு பிரதிதான் இருக்கும். கடிதங்கள், நாட்குறிப்புகள், படைப்பிரிவுக்குள் மட்டும் சுற்றிவந்த செய்தித்தாள்கள், சேகரித்தவரே போட்டுவைத்த குறிப்பு அட்டைகள் எல்லாம் இந்த வகை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1964-இல் தொடங்கிய லிடல் ஹார்ட் ராணுவ ஆவண மையம் போன்ற இடங்கள் இத்தகைய தாள்களுக்காகவே இருக்கின்றன.

நல்ல நூலகத்தின் கைக்கு வந்தால் துருப்பிடித்த கிளிப்புகளை எடுத்துவிட்டு, அமிலமில்லாத பெட்டிகளில், வந்த வரிசை கலையாமல் அடுக்குவார்கள். எந்தப் பெட்டியில் என்ன என்று விவரப் பட்டியல் போடுவார்கள். சேகரிப்புக்கு உயிர் கொடுப்பது அந்தப் பட்டியல்தான். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நூலகத்தில் இருந்தாலும் எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாது. பெட்டிகள் பட்டியலிடப்படாமல் வருடக்கணக்கில் கிடப்பது பெரிய நிறுவனங்களிலும் சகஜம். அதனால் என்னைக் கேட்டால் நூலகத்தின் பெயரைவிட ‘எப்போது பட்டியல் போடுவீர்கள், யார் போடுவார்கள்’ என்ற கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். நேரடியான பதில் தரும் சிறிய நூலகம், மழுப்பும் பெரிய நூலகத்தைவிட எவ்வளவோ மேல்.

கொடைப் பத்திரத்தை வரிக்கு வரி படியுங்கள். வேண்டாத பிரதிகளை என்ன செய்வார்கள், திருப்பித் தருவார்களா, விற்பார்களா என்பது அதில் இருக்க வேண்டும். சில கடிதங்களைக் கொஞ்ச காலம் யாருக்கும் காட்டக்கூடாது என்றால் எந்த ஆண்டு வரை என்று முடிவுத் தேதி போடுங்கள். இன்னொன்று, கடிதத்தின் தாள் உங்களுடையதாக இருக்கலாம். எழுத்தின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். உங்களிடம் இல்லாததை எழுதிக் கொடுக்க முடியாது.

அருங்காட்சியகத்தின் பலம் பொருள்கள். ஒரு தொப்பிச் சின்னத்தைப் பார்த்தவுடன் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். சீருடையையும் வாளையும் நூலகங்கள் பெரும்பாலும் வாங்காது. ஆனால் கொடுத்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வரும் என்று எண்ண வேண்டாம், பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். ரெஜிமெண்டுகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது அவற்றின் சிறிய அருங்காட்சியகங்களும் ஆட்டம் காண்பதுண்டு.

பிரிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள், சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அதே பெயரில் கடிதக் கட்டும் உங்களிடம் இருந்தால் பதக்கத்தை ஓரிடத்துக்கும் கடிதத்தை வேறிடத்துக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஒரு மனிதனைப் பற்றிய சாட்சியம் இரண்டாக உடைந்துவிடும், பிறகு சேர்ப்பது மகா கஷ்டம். இங்கே மட்டும், ஆவணப் பிரிவும் சேர்ந்துள்ள அருங்காட்சியகத்துக்கே என் ஓட்டு. 1917-இல் நிறுவப்பட்ட லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் பொருள், தாள் இரண்டையும் வைத்திருக்கும் இடம்.

ஏலத்தைப் பற்றிப் பேசவே சிலர் கூச்சப்படுகிறார்கள். நூலகம் வேண்டாம் என்ற அச்சு நூல்களை விற்பதில் தவறே இல்லை, அவை படிக்க ஆசைப்படுகிறவர் வீட்டுக்குப் போகும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை, பட்டியலிடும் செலவுக்கென்று கடிதங்களோடு சேர்த்து நூலகத்துக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடிதக் கட்டை மட்டும் ஏலத்துக்கு விடாதீர்கள். நல்ல தபால் முத்திரை உள்ள நான்கு உறைகள் ஒருவருக்கும் மீதி இன்னொருவருக்கும் போய்விடும். வரிச் சலுகைக்காக மதிப்பீடு வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன்பே வெளியாள் ஒருவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள். வாங்கும் நூலகம் விலை சொல்லாது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குடும்பத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்றால் சரி. ஆனால் வீட்டு ஹார்ட் டிஸ்கை நம்பி ஆய்வாளர் மேற்கோள் காட்ட முடியாது.

அப்புறம் இரண்டு எச்சரிக்கை. 1950-களின் தொடக்கம் வரையிலான புகைப்பட நெகட்டிவ்கள், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். தண்ணீரில் அமிழ்த்தினாலும் எரியக்கூடிய சரக்கு அது, தபாலில் அனுப்பவே கூடாது. பழைய குண்டு, ஷெல் எதுவும் இருந்தால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பெட்டிகளை அனுப்பாதீர்கள். எத்தனை அடுக்கு, எந்தப் போர், எந்தக் காலம், மிக அரிய ஐந்தாறு பொருள்கள் எவை என்று ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, அலமாரிகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினால் போதும். அவர்கள் ஆள் நேரில் வந்து பார்க்கும்வரை அடுக்கி வைத்த வரிசையைக் கலைக்க வேண்டாம். சேகரித்தவர் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தால் இன்னும் நல்லது, பெயரில்லாத புகைப்படங்களில் இருப்பவர் யார் யார் என்று வந்தவரிடம் அவரே சொல்லலாம்.