லோட்டஸ் எலிஸ் 111ஆர்: ஓட்டும் செலவும் கழற்றும் செலவும்

இங்கிலாந்தில் 2005 மாடல் எலிஸ் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். லோட்டஸ் கம்பெனியின் இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் அது. "மாசம் எவ்வளவு முழுங்குது?" என்று கேட்காத நண்பர் இல்லை. ஓட்ட ஆகும் செலவு குறைவு, கழற்ற ஆகும் செலவுதான் அதிகம் என்பேன்.

மொத்த எடையே சுமார் 860 கிலோதான். அதனால் பிரேக் பேட் தேய்வதே தெரிவதில்லை. 175 அகல முன் டயர்களும் நீண்ட நாள் உழைக்கின்றன. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பின் டயர்கள் மட்டும் சீக்கிரம் தேயும். பெட்ரோல் லிட்டருக்குப் பதினோரு கிலோமீட்டர் கொடுக்கிறது. எஞ்சின், டொயோட்டாவின் செலிகா காரில் வந்த அதே 1.8 லிட்டர். டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஃபில்டர், பிளக் எல்லாம் டொயோட்டா விலையிலேயே கிடைக்கும். ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் கேம் (வால்வுகளைத் திறக்கும் பாகம்) மாறி ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதை எந்தக் கணக்கில் எழுதுவது! ஆயில் சூடாகும் முன் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சரி, கழற்றும் கதைக்கு வருவோம். சேஸிஸ், அதாவது காரின் எலும்புக்கூடு, வெறும் 68 கிலோ. அலுமினியத் துண்டுகளை எபாக்சி பசையால் ஒட்டிச் செய்தது. மேலே ஃபைபர்கிளாஸ் உடம்பு. முன்பக்கம் முழுவதும் ஒரே கூடு, கிளாம் என்பார்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள் வயதானால் கசியும் என்பது எலிஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை மாற்ற அந்தக் கிளாமையே கழற்ற வேண்டும். கசியட்டும் என்று காத்திருக்காமல் முழு அலுமினிய ரேடியேட்டர் போட்டுவிட்டேன். பொருளைவிடக் கூலிதான் அதிகம். கிளாம் கழன்று கிடக்கும்போதே பழைய ஹோஸ்களையும் மாற்றச் சொன்னேன், இன்னொரு தடவை அந்தக் கூலி கொடுக்க யாரால் முடியும்? ஆயில் மாற்றுவதற்குக்கூட அடித்தகடு கழல வேண்டும்.

பின்சக்கரத்தை நேராகப் பிடித்து வைக்கும் தண்டான டோ லிங்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். அதன் முனையில் உள்ள உருண்டை மூட்டு (பால் ஜாயின்ட்) தேய்ந்து உடைந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். வலுப்படுத்திய கிட் போட்டிருக்கிறேன்.

மிகப் பெரிய செலவு, ஓட்டாதபோதும் வரலாம். பார்க்கிங்கில் யாராவது லேசாக இடித்தாலும் ஃபைபர்கிளாஸ் நசுங்காது, விரிசல் விடும். ஒட்டிப் பெயின்ட் அடித்தால் கிளாம் முழுக்க அடிக்க வேண்டும். இடித்த அடி சேஸிஸ் வரை போனால் தட்டி நிமிர்த்தவும் வழியில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் பழுது பார்க்க லாயக்கில்லை என்று காரையே கழித்துக்கட்டிவிடுவார்கள். அதனால் காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசிதான் எடுக்கிறேன். பிரீமியம் கொஞ்சம் கூட வந்தாலும் பரவாயில்லை.

2021-இல் எலிஸ் உற்பத்தி நின்றுவிட்டது. நல்ல கார்கள் அவ்வளவாக விலை இறங்கவில்லை. புதுக் கார் வாங்கியவர் கார் விலை இறங்குவதில் விடுவதை நான் மெக்கானிக்குக்குக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். வாங்க நினைப்பவர்கள் ஓடிய தூரத்தைவிடப் பழைய பில்களைப் பாருங்கள். ரேடியேட்டரும் டோ லிங்க்கும் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.