பழைய ஃபிளாஷ் கோப்புகளுக்கு ரஃபிளா, லைட்ஸ்பார்க்கா? சோர்ஸிலிருந்து கட்டிப் பார்த்த அலசல்

அடோபி ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எந்தக் கோப்பையும் ஓட்ட மறுத்தது. ஆனால் ஃபிளாஷின் எஸ்டபிள்யூஎஃப் (SWF) கோப்புகள் எங்கும் போய்விடவில்லை. பாட சிடிகள், அறிவியல் செயல்விளக்கங்கள், பழைய விளையாட்டுகள் என்று இன்னும் குவியலாகக் கிடக்கின்றன. இவற்றை பிரவுசரில் மறுபடி ஓட்டவைக்க, சோர்ஸிலிருந்து நாமே கட்டிக்கொள்ளக்கூடிய திறமூல வழிகளில் முக்கியமானவை மூன்று: நாஷ், லைட்ஸ்பார்க், ரஃபிள். நான் ரஃபிளைத்தான் எடுத்துக்கொண்டேன், ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாமே 64-பிட் டெபியன், உபுண்டு வகை லினக்ஸை வைத்து எழுதியது. விண்டோஸில் கட்டப்போகிறவர்கள் லைட்ஸ்பார்க் பற்றிய பகுதியை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

நாஷை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். க்னூ திட்டத்தின் இந்த பிளேயர் கடைசியாக வெளியிட்ட பதிப்பு 0.8.10, ஆண்டு 2012. அது எதிர்பார்ப்பது ஜிஸ்ட்ரீமர் 0.10, அந்தக் காலத்து எஃப்எஃப்எம்பெக், அந்தக் காலத்து பூஸ்ட் என்ற நூலகங்கள். இன்றைய ஜிசிசி கம்பைலரில் போட்டால் ஒரு பிழையைத் திருத்தியதும் அடுத்தது வரும். அத்தனையும் திருத்தினாலும் ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 ஓடாது. அவ்வளவு உழைப்புக்கு அது தகுதியில்லை.

மீதி இரண்டையும் ஒப்பிடுமுன் உங்களிடம் இருக்கும் கோப்புகள் எந்த வகை என்று பாருங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஓடுவது ஏவிஎம்1 என்ற இயந்திரத்தில். 3 ஓடுவது 2006-இல் ஃபிளாஷ் பிளேயர் 9-உடன் வந்த ஏவிஎம்2-இல். கோப்பை ஹெக்ஸ் பார்வையில் திறந்தால் முதல் மூன்று பைட்டுகள் எஃப்டபிள்யூஎஸ், சிடபிள்யூஎஸ், இசட்டபிள்யூஎஸ் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது சுருக்கப்படாதது, இரண்டாவது இசட்லிப் முறையில் சுருக்கியது, மூன்றாவது எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கியது. நான்காவது பைட் பதிப்பு எண். கோப்பு சுருக்கப்பட்டிருந்தாலும் இந்தப் பகுதி சுருங்காது. எண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏவிஎம்1, சந்தேகமே வேண்டாம். 9 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஏவிஎம்1 கோப்புகளில் ரஃபிள் ஏறக்குறைய முழுமை. ஏவிஎம்2-இல் பெரும்பாலானவை ஓடும், சில பாதியில் நிற்கும். லைட்ஸ்பார்க் ஏவிஎம்2-ஐக் குறிவைத்துத் தொடங்கியது. ஏவிஎம்1 கோப்புகளுக்கு ஒரு காலத்தில் நாஷிடமே கைமாற்றிவிட்டு, பிறகுதான் தானே ஓட்டக் கற்றுக்கொண்டது.

லைட்ஸ்பார்க்கைக் கட்டுவது பழகிய வழிதான். ஜிசிசி, சிமேக், நாஸ்ம் மூன்றும் வேண்டும். எஸ்டிஎல்2, கெய்ரோ, பாங்கோ, க்ளூ, கர்ல், எஃப்எஃப்எம்பெக் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்களும், ஆர்டிஎம்பி (ஃபிளாஷின் ஸ்ட்ரீமிங் முறை) தேவையென்றால் அதன் நூலகமும் வேண்டும். தனியாக ஒரு பில்ட் அடைவு உருவாக்கி, ரிலீஸ் வகையில் சிமேக் ஓட்டி, மேக் கொடுத்தால் போதும். தவறு நடப்பது பெரும்பாலும் நிறுவும் இடத்தில். பிளகின் அடைவைச் சிமேக்கிடம் நாமே சொல்லாவிட்டால், பிளகின் கோப்பு யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். பிரவுசர் தேடுவதோ யூஎஸ்ஆர் லிப்புக்குக் கீழே உள்ள மொசில்லா பிளகின்ஸ் அடைவில். பில்ட் பச்சையாக முடிந்திருக்கும், ஆனால் பிரவுசரின் பிளகின் பட்டியல் காலியாக இருக்கும்.

அந்தப் பட்டியலைக் காட்டும் பிரவுசர் எது என்பதுதான் அடுத்த சிக்கல். லைட்ஸ்பார்க் பயன்படுத்தும் என்பிஏபிஐ என்ற பழைய வகை பிளகின்களை குரோம் 2015-இலேயே நிறுத்திவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 52 ஃபிளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றியது, 2021 ஜனவரியில் வந்த 85-ஆம் பதிப்பு ஃபிளாஷையும் எடுத்துவிட்டது. இன்று லைட்ஸ்பார்க்கை பிளகினாக ஏற்றவேண்டுமானால் பேல் மூன் போன்ற ஒரு பிரவுசரை அதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு அடுத்து வருவது பராமரிப்பு. என் தீர்ப்பு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. லைட்ஸ்பார்க் பைனரி உங்கள் கணினியின் நூலகங்களோடு இறுகப் பிணைந்தது. உபுண்டு 22.04-இல் கட்டினால் அது எதிர்பார்க்கும் லிப்ஏவிகோடெக் (எஃப்எஃப்எம்பெக்கின் நூலகம்) எண் 58. 24.04-க்கு மாறினால் அங்கே இருப்பது 60. டெபியனிலும் இதே கதை: 11-இல் 58, 12-இல் 59, 13-இல் 61. கணினியை மேம்படுத்திய மறுநாள் பிளகின் ஏறாது, பிரவுசர் பிழைச்செய்தி எதையும் காட்டாது, கோப்பே இல்லாததுபோல் நடந்துகொள்ளும். தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை பிளகின் கோப்பின்மேல் ஓட்டினால்தான் ‘நாட் ஃபவுண்ட்’ என்ற வரி கண்ணில் படும். திரும்பக் கட்டினால் சரியாகும், அதுவும் எஃப்எஃப்எம்பெக் அழைப்புமுறைகள் மாறாமல் இருந்தால். மாறியிருந்தால் லைட்ஸ்பார்க்கின் புதிய சோர்ஸுக்கு நகர வேண்டும், நகர்ந்தபின் எல்லாக் கோப்புகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு கணினி என்றால் பரவாயில்லை. ஒரு பள்ளி ஆய்வகத்தில் முப்பது கணினிகள் என்றால், இதற்கென்றே ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருக்கும்.

ரஃபிள் இந்தத் தலைவலியை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. ரஸ்ட் மொழியில் எழுதி, பிரவுசரே ஓட்டும் வெப்அசெம்ப்ளி (சுருக்கமாக வாஸ்ம்) வடிவில் கட்டப்படுவதால் வெளியே வருவது சில ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளும் வாஸ்ம் கோப்புகளும் மட்டுமே. அவை எந்த நூலக எண்ணையும் தேடுவதில்லை. ஒருமுறை கட்டிச் சர்வரில் வைத்துவிட்டால், பார்க்கிறவர் எந்த லினக்ஸில் இருந்தாலும், விண்டோஸிலோ போனிலோ இருந்தாலும் அது அவர் பிரவுசரின் பாடு. கஷ்டமெல்லாம் கட்டுகிற அந்த ஒருநாளில் முடிந்துவிடும்.

அந்த ஒருநாள் லேசானதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரஸ்ட்டப் மூலம் ரஸ்ட்டை நிறுவி, வாஸ்ம்32 டார்கெட்டைச் சேர்க்க வேண்டும். நோட்ஜேஎஸ், என்பிஎம் வேண்டும். ஜாவாவும் வேண்டும்; ஏவிஎம்2-இன் அடிப்படை வகுப்புகளைக் கம்பைல் செய்யும் கருவி ஜாவாவில் ஓடுவது என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை. பிறகு வாஸ்மை ஜாவாஸ்கிரிப்டோடு இணைக்கும் வாஸ்ம்-பைண்ட்ஜென் கட்டளைக் கருவி. பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நூலகப் பதிப்புகளைக் குறித்துவைக்கும் ரஃபிளின் கார்கோ லாக் கோப்பில் வாஸ்ம்-பைண்ட்ஜென்னுக்கு எந்தப் பதிப்பு எண் இருக்கிறதோ, துல்லியமாக அதே எண்ணைத்தான் நிறுவ வேண்டும். புதியதாக இருந்தால் நல்லதுதானே என்று சமீபத்தியதைப் போட்டால், முழு ரஸ்ட் கம்பைலும் முடிந்தபிறகு, கடைசிப் படியில், வடிவம் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். பைனரியன் தொகுப்பில் வரும் வாஸ்ம்-ஆப்ட் கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வாஸ்ம் கோப்பு பருக்கும், ஓட்டமும் மந்தமாகும். இவ்வளவும் தயாரானால் வெப் அடைவுக்குள் போய் என்பிஎம் இன்ஸ்டால், அடுத்து என்பிஎம் ரன் பில்ட். ரேம் குறைந்த விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்) கட்டினால் இணைக்கும் கட்டத்தில் சிக்னல் 9 என்று செத்துப்போகும். அது ரஸ்ட்டின் பிழையல்ல, கெர்னல் நினைவகம் போதாமல் கொன்றது. 4 ஜிபி ஸ்வாப் வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சொந்தத் தளத்தில் வைப்பதற்கான செல்ஃப்ஹோஸ்டட் பேக்கேஜின் டிஸ்ட் அடைவில் இருப்பது அத்தனையையும் சர்வருக்கு ஏற்றுங்கள். ரஃபிள் ஜேஎஸ் ஒன்றை மட்டும் நகலெடுத்தால் அது தன் வாஸ்ம் கோப்பைத் தேடி 404 வாங்கும். வாஸ்ம் கோப்புகளின் பெயரில் ஹாஷ் என்ற அடையாளக் குறி இருக்கும், ஒவ்வொரு பில்டிலும் அது மாறும். ஆகவே அவற்றை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் கேஷ் செய்ய விடலாம். ரஃபிள் ஜேஎஸ்ஸை அப்படி விடக்கூடாது. விட்டால் பழைய ஜேஎஸ், நீங்கள் அழித்துவிட்ட பழைய வாஸ்மைத் தேடிப் போகும். சர்வர் வாஸ்ம் கோப்புக்கு அப்ளிகேஷன் வாஸ்ம் (application/wasm) என்ற மைம் வகையை அனுப்ப வேண்டும். பழைய என்ஜின்எக்ஸின் மைம் பட்டியலில் அது இருக்காது, கையால் சேர்க்க வேண்டும். உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை வைத்திருக்கும் தளங்களில் ஸ்கிரிப்ட் விதியில் வாஸ்ம் இயக்க அனுமதியையும் தர வேண்டும். எஸ்டபிள்யூஎஃப் வேறு டொமைனில் இருந்தால் அந்தச் சர்வர் வேறு தளங்களுக்கு அனுமதி தரும் கோர்ஸ் தலைப்பு அனுப்பினால்தான் கோப்பு வரும்.

அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் பொருளை ரஃபிள் ஸ்கிரிப்டுக்கு முன்னால் எழுதுங்கள். ஆட்டோபிளேயை ஆன் என்று வைத்தாலும், பார்க்கிறவர் ஒருமுறை தொடும்வரை பிரவுசர் ஒலியைத் தடுக்கும், அதை ரஃபிளால் மீற முடியாது. ஒலியுள்ள பாடங்களுக்கு ஆட்டோபிளேயை ஆஃப் செய்து, பிளே பொத்தானைக் காட்டிவிடுவதே மேல். இன்னொன்று மேக்ஸ் எக்ஸிகியூஷன் டியூரேஷன், அதாவது ஒரு ஸ்கிரிப்டைத் தொடர்ந்து ஓட விடும் உச்ச நேரம். இயல்பு மதிப்பு 15 வினாடி. பழைய செல்லில் கனமான ஒரு செயல்விளக்கம் திறக்கும்போதே நின்றுவிட்டால் முதலில் இதைக் கூட்டிப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனாகக் கட்டுவது ஒருவர் தன் கணினியில் மட்டும் பார்க்கச் சரி. குரோமில் டெவலப்பர் பயன்முறையில் ஏற்றிக்கொள்ளலாம். சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் கையொப்பமில்லாததை நிரந்தரமாக ஏற்காது, பிரவுசரை மூடித் திறந்தால் காணாமல் போகும்.

ரஃபிள் நைட்லி (நாள்தோறும் தானாகக் கட்டப்படும்) பதிப்புகளாக ஓடிக்கொண்டே இருக்கும் திட்டம். இதில் ஒரு சின்ன ஆபத்து உண்டு: நேற்று ஓடியது இன்றைய பதிப்பில் கெடலாம். தேதியிட்ட ஒரு நைட்லி டேக்கைத் தேர்ந்து அதையே கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத கோப்பு ஒன்று ஓடத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் நகருங்கள். சோர்ஸில் கை வைக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு அதே தேதியின் தயார் பைனரியே போதும்.

லைட்ஸ்பார்க்கை முழுக்கத் தூக்கிப்போடவும் வேண்டாம். ஆர்டிஎம்பி ஸ்ட்ரீமை நம்பியிருக்கும் கோப்புகளுக்கு ரஃபிளில் வழியில்லை. ரஃபிளில் பாதியில் நிற்கும் ஏவிஎம்2 கோப்பு சில நேரம் லைட்ஸ்பார்க்கில் ஓடிவிடும். எதிர்த்திசையில் நடப்பதுதான் அதிகம் என்றாலும், சோதிக்கச் செலவில்லை. அதற்கு பிரவுசர் பிளகினே தேவையில்லை. சிமேக்கில் என்பிஏபிஐ, பிபிஏபிஐ (குரோம் வகை பிளகின் முறை) இரண்டு பிளகின்களையும் அணைத்துவிட்டு, தனி பிளேயரை மட்டும் கட்டி, டெர்மினலில் கோப்பைக் கொடுத்து ஓட்டினால் போதும். எது ஆதரிக்கப்படவில்லை என்பதும் அங்கேயே வரியாக வந்து விழும்.