திரும்பத் திரும்பச் செய்வதை அளக்க எந்தப் படிவம் நல்லது?

கையை உதறுவது, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பது, போன வழியில்தான் போகவேண்டும் என்று அடம்பிடிப்பது. ஆட்டிசக் குழந்தைகளிடம் காணும் இந்த நடத்தைகளை அளக்க கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேலை பார்க்கும் எனக்கு மூன்று படிவங்கள் பழக்கம்: ஐஎஸ்ஏஏ (ISAA, ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்), ஆர்பிஎஸ்-ஆர் (RBS-R, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைக்கான அளவுகோல்), ஆர்பிக்யூ-2 (RBQ-2, அதே நடத்தைக்கான கேள்வித்தாள்).

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு என்றால் ஐஎஸ்ஏஏ-தான். இந்தியாவிலேயே உருவானது, 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் 40 சதவீதக் குறைபாடு என்று கணக்கு. ஆனால் நடத்தைப் பகுதியில் இருக்கும் ஏழு கேள்விகளில் கையாட்டுவதோடு துறுதுறுப்பு, அடிப்பது, அழுது புரள்வது எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஓடியாடும் பிள்ளைக்கும் விரலை ஆட்டும் பிள்ளைக்கும் அங்கே ஒரே மதிப்பெண் வந்துவிடும். நம் விஷயத்தைத் தனியாகப் பார்க்க அது போதாது.

ஆர்பிஎஸ்-ஆர் இதற்கென்றே செய்தது. 43 கேள்விகள், ஆறு பிரிவுகள்: உடலசைவு, தன்னைக் காயப்படுத்துதல், கட்டாயச் செயல், சடங்கு போன்ற பழக்கம், மாறாமை (எதுவும் மாறக்கூடாது என்ற பிடிவாதம்), குறுகிய நாட்டம் (ஓரிரு விஷயங்களிலேயே மூழ்கிக் கிடப்பது). விவரம் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. சிக்கல் மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. 0 என்றால் நடப்பதில்லை, 1 முதல் 3 வரை அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதைப் பொறுத்தது. பிரச்சினையா இல்லையா என்பதைச் சொல்வது குழந்தை அல்ல, வீடு.

வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு அவன் பொறுப்பான பிள்ளை, அம்மா 0 போடுவார். ஒரு செருப்பை லேசாகத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்: அதைச் சரிசெய்யும்வரை அவன் சாப்பிட வரமாட்டான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்பவன் வீட்டிலும் இதே கதை. அந்த சீட்டு காலியாக இருக்கும் பஸ் வரும்வரை தாத்தா நின்று ஏற்றிவிடுவார். ரகளையே நடக்காதபோது ‘பிரச்சினை ஒன்றும் இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். விட்டுக்கொடுக்க நாலு பேர் இருக்கும் வீட்டில் மதிப்பெண் இறங்கும், தனியாக வேலைக்கு ஓடும் தாயிடம் ஏறும். குழந்தை இரண்டு இடத்திலும் அதே குழந்தை.

அதனால் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு ஒப்பிட எனக்கு ஆர்பிக்யூ-2 மேல். பிரிட்டனில் உருவான இது 20 கேள்விகள் கொண்டது, பெற்றோரே நிரப்பலாம். சில கேள்விகளுக்கு ‘ஒரு நாளில் எத்தனை முறை?’ என்பதுதான் விடையாகச் சொல்லவேண்டியது. எண்ணிக்கை கேட்டால் கண்ணால் பார்த்ததைச் சொல்வார்கள். முழுக்கச் சுத்தம் என்று சொல்லமாட்டேன்: மாறாமை பற்றிய கேள்விகளில் ‘லேசா, அதிகமா’ என்று மறுபடி வீட்டின் கணிப்புக்கே வந்து நிற்கிறது. தன்னைக் கடித்துக்கொள்ளும், தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இது போதவே போதாது. அங்கே ஆர்பிஎஸ்-ஆர்-ஐ விடக்கூடாது.

சிகிச்சையில் முன்னேற்றம் பார்க்கத்தான் என்றால் ஆர்பிஎஸ்-ஆர் எடுங்கள். ஆனால் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் வீட்டு உதாரணத்தோடு கேட்டு, ‘நீங்கள் விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் தடவை அம்மா சொன்னால் அடுத்த தடவையும் அம்மாவே சொல்லட்டும், டீச்சரிடம் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒன்று: கடலூர்ப் பிள்ளையின் மொத்த மதிப்பெண் லண்டன் பிள்ளையைவிடக் குறைவு என்பதால் இங்கே ஆட்டிசம் லேசானது என்று எழுதிவிடாதீர்கள். கேள்வி கேள்வியாக எடுத்து, உடலசைவில் குறைகிறதா, மாறாமையில் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். மாறாமையில் மட்டும் குறைந்தால் அந்த வீடுகளுக்குப் போய் யார் எதற்கு வளைந்துகொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.