பின் இருக்கை ஏற்றுக்கொண்ட மாற்றங்கள்: பி.எம்.டபிள்யூ எம்340ஐ, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பி.எம்.டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் செடானை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது இந்த ஒரே கார்தான். மகனைப் பள்ளியில் விடுவதும், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போவதும், விடுமுறைக்கு டிக்கி நிறையப் பெட்டிகளோடு நெடுந்தூரம் கிளம்புவதும், எல்லாரும் எழுவதற்கு முன் விடியற்காலையில் நான் தனியாக ஓட்டிவிட்டு வருவதும் இதில்தான். இந்த நான்கு ஆண்டுகளில் பல மாற்றங்களைச் செய்து பார்த்து, அவற்றில் ஏறக்குறைய பாதியைக் கழற்றிவிட்டேன். இப்படிப்பட்ட காரை வாங்கி மாற்றியமைக்க நினைப்பவருக்கு, நான் கழற்றியவற்றின் கதை வைத்துக்கொண்டவற்றின் கதையைவிடப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் காரைப் பற்றி. 2019இல் விற்பனைக்கு வந்த இந்த மாடலில் 2,998 சிசி கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த டர்போ பெட்ரோல் என்ஜின் இருக்கிறது. பி58 என்று அழைக்கப்படும் இதே என்ஜின் குடும்பம்தான் டொயோட்டாவின் ஜிஆர் சுப்ராவிலும் இருக்கிறது. ஐரோப்பிய அளவீட்டில் 374 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைக்கின்றன; நிறுவனம் சொல்லும் கணக்கில் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 வினாடிகளில் எட்டுகிறது. 1985இல் வெளிவந்த முதல் எம்5 செடானுக்கு 286 குதிரைத்திறன்தான் இருந்தது என்பதை நினைத்தால், இன்று குழந்தை இருக்கையோடு ஓடும் ஒரு குடும்பக் காரிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பது புரியும்.

ஆனால் நான்கு ஆண்டுகள் ஓட்டிய பிறகு என் மனத்தில் நிற்பவை இந்த எண்கள் அல்ல. நிமிடத்துக்கு 1,850 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் வந்துவிடுவதால், ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு அழுத்தினாலே லாரியை முந்துவதற்குத் தேவையான பிக்கப் கிடைக்கிறது. அப்போதும் பின்னால் தூங்குகிறவர்கள் விழிப்பதில்லை. எட்டு வேக இசட்எஃப் கியர்பாக்ஸ் கியர் மாற்றுவது நெரிசலில் தெரிவதே இல்லை. இந்த மென்மையை இந்தக் காரின் முதல் தகுதியாக மதிக்கிறேன்; பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதை வைத்தே எடை போட்டேன். குறையென்று சொன்னால், ஸ்போர்ட் நிலையில் என்ஜின் ஒலியோடு ஸ்பீக்கர் வழியாகவும் ஓர் ஒலி சேர்க்கப்படுவதைச் சொல்வேன். இவ்வளவு இனிய குரல் உள்ள என்ஜினுக்குப் பின்பாட்டு வேண்டியதில்லை.

முதல் மாற்றம் டயர். என் காருடன் வந்தவை 19 அங்குல வீலும் ரன்-ஃப்ளாட் டயரும். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓடிவிடலாம் என்பதற்காக, இவ்வகை டயரின் பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்கிறார்கள். அந்தத் தடிமன்தான் சிறு பள்ளத்தையும் உள்ளே கடத்துகிறது. பலரும் 20 அங்குலத்துக்குப் போவார்கள். நான் எதிர்த்திசையில் 18 அங்குலத்துக்கு இறங்கினேன். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் வீலின் விட்டம். முன்னால் 225/40 ஆர்19 டயரின் பக்கச்சுவர் உயரம் 90 மில்லிமீட்டர். 225/45 ஆர்18 டயரில் அது 101 மில்லிமீட்டர். பின்னால் 255/35 ஆர்19 டயரில் 89, 255/40 ஆர்18 டயரில் 102. பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர் என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். சாதாரணக் கட்டமைப்புள்ள நல்ல ஸ்போர்ட் டயரோடு அது சேர்ந்தபோது, கார் சாலையோடு சண்டையிடுவதை விட்டுவிட்டு அதைத் தடவிக்கொண்டு போகத் தொடங்கியது. கரடான வளைவில் சக்கரம் துள்ளாமல் தரையிலேயே நிற்பதால் வேகமும் கூடியதே தவிர குறையவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் காரில் முன் டயரின் மொத்த விட்டமும் பின் டயரின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பகிர்ந்து தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே இருக்கும் கிளட்ச், கார் நேராகப் போகும்போதும் ஓயாமல் தேய்ந்துகொண்டிருக்கும். நிறுவனம் தரும் 19 அங்குல அளவில் முன்னால் 662.6, பின்னால் 661.1 மில்லிமீட்டர், வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர்தான். அழகுக்காகப் பின்னால் மட்டும் 265/35 போட்டால் வேறுபாடு ஐந்தரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அகலம் வேண்டுமென்றால் முன்னால் 235/40, பின்னால் 265/35 என்று இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயர் வாங்கும் முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்னொன்று, இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. ரன்-ஃப்ளாட்டைக் கைவிட்ட நாளிலிருந்து காற்று பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் டிக்கியின் ஓரத்தில் நிரந்தரமாக இருக்கின்றன. பக்கச்சுவர் கிழிந்தால் அவை உதவா. இந்தச் சமரசத்தை ஏற்க முடியாதவர் ரன்-ஃப்ளாட்டிலேயே இருக்கலாம், அதில் தவறில்லை.

இரண்டாவது மாற்றம் பிரேக். முன் டிஸ்க் 348 மில்லிமீட்டர், அதைப் பிடிக்க நான்கு பிஸ்டன் காலிப்பர் என்ற அமைப்பு இந்த எடைக்குப் போதுமானது. பெரிய பிரேக் தொகுப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது திரவத்தின் மீதான கவனம். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய திரவத்துக்கு அந்த வரம்பு 155 டிகிரியாகிவிடுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரைவிட 120இல் போகும் காரிடம் 44 சதவீதம் அதிக இயக்க ஆற்றல் இருக்கிறது. நிறுத்தும்போது அத்தனையும் வெப்பமாக மாறி அந்தச் சிறு பேட்களிலும் டிஸ்க்கிலும் இறங்குகிறது. நீண்ட மலை இறக்கத்தில், முழுக் குடும்பத்தோடும் பெட்டிகளோடும், மிதி ஒருமுறை வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அன்று விபத்து ஏதும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தச் சில வினாடிகளை நான் மறக்கவில்லை. மாற்ற வேண்டிய தவணையைத் தள்ளிப்போட்டது என் பிழைதான். அதே தரத்தில் கொதிநிலை உயர்ந்த திரவத்தை நிரப்பி, இப்போது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பந்தயத் தளத்துக்கான பேட்களையும் சில வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். குளிர்ந்த நிலையில் பிடிப்பு குறைவாகவும் ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சிடுவதாகவும் இருந்ததால், பள்ளிக்குப் போகும் காருக்கு அது பொருந்தாது என்று மூலப் பேட்களுக்கே திரும்பினேன்.

தாழ்த்தும் ஸ்பிரிங் விஷயத்தில் நான் ஆசைக்கு இடம்கொடுத்தேன். ஏற்கெனவே தாழ்வான காரை இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இறக்கினேன். நின்றிருக்கும்போது பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நான் தனியாக ஓட்டியபோது வளைவுகளில் உடல் சாய்வதும் குறைந்தது. ஆனால் ஐந்து பேரும் சுமையும் ஏறியதும், மேலும் கீழும் நகர்வதற்கு சஸ்பென்ஷனுக்கு மிச்சமிருந்த இடம் போதவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் தடுப்பு ரப்பரில் போய் இடித்தது. "ஏம்பா, வண்டி முன்ன மாதிரி மெத்துனு இல்லையே" என்று அம்மா கேட்டது முதல் வாரத்திலேயே. நான் நான்கு மாதம் பிடிவாதமாக இருந்தேன். வீல் அலைன்மென்ட் பார்க்கச் சென்றபோது பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டேன். உயரம் இறங்கியதால் சக்கரத்தின் சாய்வு கோணம் மாறியிருக்கிறது. அந்த வாரமே மூல ஸ்பிரிங் திரும்பி வந்தது. சாலைக்கேற்பத் தம் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் டேம்பர்கள் தமக்கென வகுத்த ஸ்பிரிங்கோடு எவ்வளவு இசைந்து வேலை செய்கின்றன என்பது, அவற்றைப் பிரித்துப் பார்த்த பின்புதான் எனக்குத் தெரிந்தது.

சைலன்சரை மாற்றிய கதை சுருக்கமானது. ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று எரிப்புகள் நடக்கின்றன. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அது விநாடிக்கு 100 அதிர்வுகள். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது என்ஜின் ஏறத்தாழ அந்தச் சுற்றில்தான் இருக்கும். புதிய சைலன்சர் அந்த அதிர்வெண்ணை அடக்காததால், காருக்குள் ஓயாத முழக்கம் ஒன்று நிறைந்தது. வழக்கமாக அரை மணியில் தூங்கிவிடும் மகன் அன்று முழுப் பயணத்திலும் தூங்கவில்லை.

இனி எல்லாரும் முதலில் கேட்கும் ஈசியூ ட்யூனிங், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. பி58 என்ஜினின் அலுமினியப் பிளாக், சிலிண்டர்களின் மேல்விளிம்பு மூடிய வகையைச் சேர்ந்தது. கிராங்க்ஷாஃப்ட் உருக்கை அடித்துச் செய்யப்பட்டது. அதனால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் உடல்வலிமை அதற்கு உண்டு என்று ட்யூனிங் செய்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மென்பொருளை மட்டும் மாற்றிக் கணிசமான சக்தியைக் கூட்ட முடியும். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் தயாரான பல கார்களில் ஈசியூவைக் கழற்றிப் பூட்டைத் திறந்த பின்பே இதைச் செய்ய முடிகிறது. இதற்கு மாற்றாக விற்கப்படும் சிறு மின்னணுப் பெட்டிகள், டர்போ அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈசியூவை ஏமாற்றும் முறையில் இயங்குகின்றன. என்ஜினின் மூளைக்கே பொய் சொல்லும் அந்த வழியை நான் விரும்பவில்லை. ஆகவே முறையாக மென்பொருளையே மாற்றச் செய்தேன்.

பதினோரு மாதம் அப்படி ஓட்டினேன். முழுதாக அழுத்தினால் கிடைத்த வேகம் உண்மையாகவே வியப்பூட்டியது. ஆனால் ஒரு மாதத்தில் எத்தனை முறை முழுதாக அழுத்தினேன் என்று எண்ணிப் பார்த்தபோது விரல்கள் போதுமானவையாக இருந்தன. மீதி நேரமெல்லாம், நடுவேகத்தில் முறுக்குவிசை அலைபோல் திடீரென்று எழுந்தது. சிறிது அழுத்தினால் சிறிது, அதிகம் அழுத்தினால் அதிகம் என்றிருந்த பழைய ஒழுங்கு போய்விட்டது. பின்னால் இருப்பவர்களின் தலை ஆடாமல் ஓட்டுவதற்கு நான் என் காலைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. டர்போ என்ஜினில் கூடுதல் அழுத்தமும் சேர்ந்தபோது, உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் கட்டாயமாயிற்று. வெளியூர்ப் பயணத்தில் அது கிடைக்குமா என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருந்தது. உத்தரவாதமும் காப்பீடும் தனிக் கவலை. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவிக்காதவர், விபத்துக்குப் பிறகு தம் குடும்பத்தைத்தான் ஆபத்தில் நிறுத்துகிறார். பதினோராம் மாத முடிவில் மூல மென்பொருளையே மீண்டும் ஏற்றினேன். அன்று மாலை ஓட்டியபோது எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. காணாமல் போயிருந்த ஒரு நல்ல குணம் திரும்பி வந்தது போலிருந்தது. வார இறுதிக்கென்று இரண்டாவது காராக இதை வைத்திருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்; அவர் முடிவை நான் மறுக்கமாட்டேன்.

பராமரிப்பில் செய்த மாற்றங்களை யாரும் மாற்றமாகக் கணக்கிடுவதில்லை. கணினி காட்டும் இடைவெளியில் பாதியிலேயே என்ஜின் ஆயிலை மாற்றிவிடுகிறேன். கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுதும் போதும் என்று கார் உலகில் பரவலாகச் சொல்லப்பட்டாலும், அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. என் கார் 74,000ஐக் கடந்துவிட்டதால், அடுத்த பெரிய செலவு அதுதான்.

இந்தக் காரைப் பழையதாக வாங்குபவர், நான்கு டயர்களும் ஒரே தயாரிப்பா, தேய்மானம் ஒத்திருக்கிறதா, பின் டயர்களின் உள்விளிம்பு எப்படி இருக்கிறது என்று குனிந்து, கையால் தடவிப் பார்க்க வேண்டும்; முந்தைய உரிமையாளர் காரை எப்படி நடத்தினார் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. புதிதாக வாங்குபவர் அடாப்டிவ் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுத்து, 18 அங்குல வீல் கிடைக்குமானால் தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம். முதல் ஓராண்டு எதையும் மாற்றாமல் ஓட்டிவிட்டு, பின் இருக்கையில் ஒரு நாள் தாமே உட்கார்ந்து நெடுந்தூரம் போய்ப் பார்த்த பிறகு, மாற்ற வேண்டியவற்றின் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.