1989: பெர்லின் சுவரா, தியானன்மென் சதுக்கமா?

1989ஆம் ஆண்டிலிருந்து ஒரே ஒரு நிகழ்வை எடுத்துப் பேசவோ எழுதவோ வேண்டுமென்றால், பலரும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

தொடக்கம்

தியானன்மென்: ஏப்ரல் 15 அன்று சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் தலைவர், சீர்திருத்தவாதி ஹு யாவ்பாங் மறைந்தார். அஞ்சலி செலுத்த பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் கலையவில்லை.

பெர்லின்: நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்கே செல்ல அனுமதிக்கும் புதிய பயண விதி எப்போது முதல் என்று செய்தியாளர்கள் கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கியிடம் கேட்டார்கள். அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மறுநாள் வரவேண்டிய அறிவிப்பு அது! மக்கள் எல்லைச் சாவடிகளில் திரண்டார்கள். இரவு பதினொன்றரை மணியளவில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி திறந்தது. 28 ஆண்டுச் சுவர் ஒருவரின் தடுமாற்றத்தால் திறந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

சான்றுகள்

பெர்லின்: ஆவணக் காப்பகம், நேர்காணல், நினைவிடம் என ஏராளம்.

தியானன்மென்: ஜூன் 3 இரவும் மறுநாளும் போராட்டக்காரர்களை இராணுவம் சுட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்னமும் சர்ச்சையில் இருக்கிறது. ஜூன் 5 அன்று டாங்கி வரிசைக்கு முன்னால், கையில் பையோடு தனியாக நின்றவர் யாரென்றே உறுதியாகவில்லை.

விளைவு

பெர்லின்: 1990 அக்டோபர் 3இல் ஜெர்மனி இணைந்தது.

தியானன்மென்: மாணவர்களிடம் பரிவு காட்டிய கட்சித் தலைவர் ஜாவ் ஸியாங் பதவியிழந்து, 2005இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார்.

பத்து நிமிட மேடைப் பேச்சுக்கு பெர்லினை எடுங்கள். கதை தானாகவே ஓடும். பொறுமையாக எழுதும் நீண்ட கட்டுரைக்கு தியானன்மென்தான் என் தேர்வு. அதே ஜூன் 4இல், கம்யூனிச ஆட்சியிலிருந்த போலந்தின் மக்கள் ஓரளவு சுதந்திரமான தேர்தலுக்காக வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றார்கள் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.