வி-சென்டர் நிறுவ: சொந்த டிஎன்எஸ்ஸா, ஹோஸ்ட்ஸ் கோப்பா, வெறும் ஐபியா?

அலுவலக லேபில் வி-சென்டர் அப்ளையன்ஸ் (விஎம்வேரின் மெய்நிகர் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) போட வேண்டியிருந்தது. கணினிப் பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் எதுவும் கிடையாது. கடைசியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருளை ஏற்றினேன். என் ஓட்டு அதற்குத்தான்.

நிறுவும்போது பெயர் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால் ஐபியே பெயராகிவிடும். பார்த்துவிட்டு அழிக்கப்போகும் சோதனைக்கு அது போதும். ஹோஸ்ட்ஸ் கோப்பு (ஒரு கணினிக்குள்ளேயே இருக்கும் பெயர்-ஐபி பட்டியல்) வழியும் நடக்கும்: நிறுவலின் முதல் கட்டம் முடிந்ததும் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து பெயரை எழுதிவிட்டு இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வரி அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்கள் (மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வர்கள்), பேக்கப் சர்வர், உங்கள் லேப்டாப் எல்லாவற்றிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். நிறுவும்போது கொடுக்கும் பெயர் சான்றிதழ்களுக்குள்ளும் உள்நுழைவுச் சேவைக்குள்ளும் பதிந்துவிடுகிறது. வி-சென்டர் 6.5 பதிப்பு வரை அதை மாற்ற முறையான வழியே இல்லை. 6.7 அப்டேட் 3-க்கு அப்புறம் 5480 போர்ட்டில் உள்ள நிர்வாகப் பக்கத்தில் மாற்றலாம். ஆனால் முதலில் பேக்கப் எடுக்கணும், இணைத்திருக்கும் மற்ற மென்பொருள்களைக் கழற்றி மறுபடி பதியணும், சொந்தச் சான்றிதழ் போட்டிருந்தால் அதையும் புதிதாக உருவாக்கணும். ஒரு மணி நேர டிஎன்எஸ் வேலையைத் தவிர்க்க இவ்வளவு கடன் வாங்குவானேன்?

டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒரு நுணுக்கம். அதன் அமைப்புக் கோப்பில் 'அட்ரஸ்' வரி பெயரிலிருந்து ஐபியை மட்டும் சொல்லும். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு அதில் வராது. நிறுவலுக்கு இரண்டுமே வேண்டும். 'ஹோஸ்ட்-ரெக்கார்ட்' என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டும் கிடைக்கும். டொமைனுக்கு 'ஹோம்.ஆர்பா' நல்லது, வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018-இல் ஒதுக்கப்பட்டது. '.லோக்கல்' வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸின் (சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் முறை) இடம். நிறுவலைத் தொடங்குமுன் இரு திசையிலும் என்எஸ்லுக்அப் (டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பார்க்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள்.

டிஎன்எஸ்ஸை வி-சென்டர் ஓடும் அதே ஹோஸ்டில் ஒரு விஎம்மாகவும் (மெய்நிகர் கணினி) வைக்கலாம். ஆனால் கரண்ட் போய் வரும்போது அது முதலில் எழும்படி வரிசை அமைக்கணும். அந்தத் தலைவலி வேண்டாமென்றுதான் ராஸ்பெர்ரி பை.

ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸின் பயனர், கணினி நிர்வாகச் சேவை) ஏற்கெனவே இருக்கும் பெரிய அலுவலகங்களில் என் அனுபவம் குறைவு. அங்கே அதன் டிஎன்எஸ்ஸிலேயே இரண்டு பதிவுகளையும் சேர்ப்பதுதான் இயல்பு. ஒன்று மட்டும்: விண்டோஸில் பிடிஆர் பதிவுகளை வைக்கும் ரிவர்ஸ் ஸோன் தானாக உருவாவதில்லை, கையால் உருவாக்க வேண்டும்.